எலுமிச்சைத் தளிரைக் குடையும் அந்து



திருமுல்லைவாயில் முல்லையின் பேரால் விளங்கும் ஊர். மாசிலாமணீசுவரர் கோயில் கொண்ட ஊர். முன்னாளில் கிராமமாயிருந்த இது இந்நாளில் ஆவடி மாநகராட்சியில் அடங்கியது. எனினும், கொல்லையில் ஓர் எலுமிச்சையோ வில்வமோ வைத்திருப்போர் அவசியம் அறிய வேண்டிய பூச்சி ஒன்று உண்டு.

இளந்தளிரில் வெள்ளி இழைபோல் நெளிந்த கோடுகள் தோன்றும். பின்பு தளிர் சுருண்டு கோணலாகும். இது இலை துளைப்பான் என்னும் அந்துப்பூச்சியின் புழு செய்யும் வேலை. கல்கத்தாவில் கிடைத்த பூச்சியைக் கொண்டு, 1856-ஆம் வருஷத்தில் ஸ்டெயின்டன் என்னும் ஆங்கிலேய சாஸ்திரி இதை வர்ணித்தார். சிறகை விரித்தாலும் இது சுமார் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாது.

தாய் அந்து தளிரின்மேல் ஒவ்வொன்றாக முட்டையிடும். பொரித்த புழு இலையின் தோலுக்கடியில் புகுந்து, சாற்றை உண்டுகொண்டே வழி செய்யும். கோட்டின் நடுவிலுள்ள கருங்கீற்று அதன் எச்சமாகும். வளர்ந்த புழு இலை விளிம்பை மடித்து அதனுள் கூட்டுப்புழுவாகும். வெப்பகாலத்தில் முட்டை அந்தாவதற்கு இரண்டு மூன்று வாரமே போதும்.

எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, ஆரஞ்சு, வில்வம் ஆகிய ஒரே குடும்பத்து மரங்களே இதற்கு உரிய உணவு. குண்டுமல்லியிலும் கண்டதாகப் பதிவு உண்டு. எம்மரமாயினும் இலை முற்றிவிட்டால் புழு அதை அண்டாது. அதன் பிழைப்பெல்லாம் தளிரை நம்பியே.

காய்க்கும் பெரிய மரத்திற்கு இதனால் பெரும்பாலும் கேடில்லை. அஞ்ச வேண்டியது நாற்றுக்கும் இளங்கன்றுக்குமே. அவற்றின் வளர்ச்சி குன்றும். புழு குடைந்த காயத்தின் வழியே சொறி நோய்க் கிருமியும் புகும். எலுமிச்சை அந்நோய்க்கு எளிதில் இரையாவது.

கோடு கண்டவுடன் பெரிய மரத்தைக் கழிப்பது தவறு. கழித்தால் புதுத்தளிர் விடும். அது அந்துக்கு விருந்தாகும். கடும் விஷம் தெளித்தால் புழுவை அழிக்கும் சிறு குளவிகளும் மடியும். இந்த அந்து அமெரிக்காவின் புளோரிடாவில் 1993-இல் தோன்றியபோது, அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவிலிருந்து இத்தகைய குளவி ஒன்றைத் தருவித்து விட்டனர். ஆகவே இக்குளவிகளைக் காப்பது குடியானவருக்கு லாபம்.

நாற்றங்காலில் மட்டும் புழுவுள்ள இலைகளைக் கிள்ளி அழிக்கலாம். தளிர்விடும் சமயத்தில் 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளிக்கலாம். தழைச்சத்தை அடிக்கடி மிகுதியாக இட்டு ஓயாது தளிர்க்கச் செய்யலாகாது. தளிர் முற்றும்வரை இளங்கன்றைக் காத்தால், மரம் பின்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.