குறைந்தபட்ச பலம் என்றால் எவ்வளவு?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொலிஸ் அதிகாரத்தைப் பற்றிப் பேசும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். இந்தத் தலைப்பில் பேச வருபவர்கள் வழக்கமாகப் பொலிஸாரைத் திட்டித் தொடங்குவார்கள். கைதட்டலும் நன்றாகக் கிடைக்கும். நான் இன்று பொலிஸாருடைய மனக்குறையிலிருந்து தொடங்கப் போகிறேன். அதைக் காதுகொடுத்துக் கேட்டால், நம்முடைய பிரச்சினையும் அதற்குள்ளேயே இருப்பது தெரியும்.

கான்ஸ்டபிள், சார்ஜன்ட் தரத்தில் உள்ளவர்களோடு பேசிப் பாருங்கள். நம்மைப் போலவே அவர்களும் சம்பளம், லீவு, இடமாற்றம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் நெருங்கிப் பழகினால் வேறொன்றைச் சொல்வார்கள். மேலிடத்தின் கட்டளை எப்போதும் வழவழவென்று இருக்கிறதாம். “நிலைமையைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வாருங்கள்.” “தேவையான நடவடிக்கை எடுங்கள்.” “குறைந்தபட்ச பலத்தைப் பயன்படுத்துங்கள்.” சிங்களத்தில் “அவம பலய” என்பார்கள். குறைந்தபட்சம் என்றால் எவ்வளவு? எந்தக் கட்டத்தில் பொல்லு, எந்தக் கட்டத்தில் கண்ணீர்ப்புகை, எந்தக் கட்டத்தில் துப்பாக்கி? அதை வாய்விட்டுச் சொல்வதற்கு மேலிருப்பவர் தயங்குகிறார். காரியம் நல்லபடியாக முடிந்தால் பெயர் அவருக்கு. பிழைத்துப்போனால் விளக்கமறியல் கீழே நிற்பவனுக்கு. போதாததற்கு, நேற்று இருந்த விதி இன்று இல்லை என்கிறார்கள்.

இது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 2022ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களை ஞாபகப்படுத்திப் பாருங்கள். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்து மக்கள் புகையிரதக் கடவையை மறித்தார்கள். பொலிஸார் சுட்டார்கள். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயப்பட்டார்கள். எரிபொருள் பவுசருக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள், அதைத் தடுக்கத்தான் சுட்டோம் என்றது பொலிஸ் தரப்பு. குறைந்தபட்ச பலம்தான் பயன்படுத்தப்பட்டது என்றும் சொல்லப்பட்டது. ஆனால் அந்த மாதம் முடிவதற்குள், நீதவானின் உத்தரவின் பேரில் ஒரு சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் உட்படப் பொலிஸார் சிலர் கைது செய்யப்பட்டார்கள்.

அடுத்தது மே 9. காலிமுகத்திடலில் அமைதியாக இருந்த போராட்டக்காரர்களை அரசாங்க ஆதரவாளர்கள் கூட்டமாக வந்து அடித்தார்கள். அங்கே பொலிஸார் இருந்தார்கள், தடுத்து நிறுத்தவில்லை. அன்றிரவு நாட்டின் பல பக்கங்களிலும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. அங்கும் பொலிஸை அதிகம் காணவில்லை. ரம்புக்கனைக்குப் பிறகு கைவைக்கப் பயந்துவிட்டார்கள் என்று பரவலாகப் பேசப்பட்டது. மறுநாள் மே 10. பொதுச் சொத்தைக் கொள்ளையிடுவோரையும் உயிருக்குத் தீங்கு செய்வோரையும் கண்டவுடன் சுடும்படி பாதுகாப்பு அமைச்சு முப்படையினருக்கு உத்தரவு கொடுத்தது.

மூன்று வாரம். சுட்டதற்குக் கைது, பிறகு கைகட்டி நின்றார்கள், பிறகு கண்டவுடன் சுடலாம் என்ற உத்தரவு. இதற்குள் பலப்பிரயோகம் பற்றிய நாட்டின் சாதாரண சட்டத்தில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மாறியதெல்லாம் மேலிருப்பவர்களின் பயமும் தேவையும்தான். ஆகவே “விதியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்” என்று ஒரு பொலிஸ்காரர் சலித்துக்கொண்டால், அதில் பாதி நியாயம் இருக்கிறது. விதி மாறவில்லை, விதியைப் பற்றிய பேச்சுத்தான் மாறுகிறது என்பது மீதிப் பாதி.

இந்தப் பேச்சு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். “பொலிஸார் சுட்டார்கள்” என்று எங்காவது இருக்கிறதா? “துப்பாக்கிப் பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது” என்று இருக்கும். யார் மேற்கொண்டது? அந்த வசனத்துக்குள் ஆளே கிடையாது. அடிப்பதற்குப் பெயர் “பலப்பிரயோகம்”. கூட்டத்தை விரட்டியடித்தால் “கலைத்தனர்”. காவலில் இருந்த ஆள் செத்துப்போனால், “ஆயுதங்களைக் காட்டுவதற்காக அழைத்துச் செல்லப்பட்டபோது ஏற்பட்ட பரஸ்பர துப்பாக்கிச் சூட்டில்” என்று ஒரு நீண்ட வால். 2020 ஒக்டோபரில் மாக்கந்துர மதூஷ் செத்தபோதும் ஏறத்தாழ இதே கதைதான், 2021 மே மாதத்தில் இன்னும் இருவர் செத்தபோதும் இதே கதைதான். அவர்கள் பாதாள உலகத்து ஆட்கள் என்பதால் யாரும் பெரிதாக அழவில்லை. ஆனால் அவர்களுக்காகப் பழக்கப்பட்ட வசனம் அவர்களோடு நிற்காது. 2023 மே மாதத்தில், பதுளை மாவட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன நமது பெண் ஒருவர், நகை திருடினார் என்ற முறைப்பாட்டின் பேரில் பிடிக்கப்பட்டு வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்தபோது இறந்தார். அவர் பாதாள உலகமா? கொழும்பில் பாத்திரம் கழுவப் போனவர்.

சொல்லை மென்மையாக்குவது எல்லா இடத்திலும் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. சில இடத்தில் சொல்லை மாற்றியதால் உண்மை வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. இறப்பர் குண்டை முன்பு “உயிராபத்தற்ற ஆயுதம்” என்று சொல்லி வந்தார்கள். கண் போனவர்களும் உயிர் போனவர்களும் கணக்கில் வந்த பிறகு, “உயிராபத்துக் குறைந்தது” என்று மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2019இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய பலத்தைப் பொலிஸார் பயன்படுத்துவது “நியாயமானதா” என்று பார்த்து வந்ததை, “அவசியமானதா” என்று பார்க்க வேண்டும் என மாற்றினார்கள். ஒரே ஒரு சொல். அங்கேயும் பொலிஸார் முணுமுணுத்தார்கள், ஒரு விநாடியில் எடுக்கும் முடிவை ஆறுதலாக உட்கார்ந்து அளக்கப் போகிறார்கள் என்று. இருக்கலாம். ஆனால் அது சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட சொல், எல்லோரும் படிக்கலாம், நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். நம் நாட்டில் மாறுவது தொலைபேசியில் வரும் சொல்.

இது நமக்குப் புதிய அனுபவமும் அல்ல. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் செத்தார். சம்பள உயர்வு கேட்டவர். விசாரணை ஆணைக்குழு போட்டார்கள். அது முடியும்வரை தொழிலாளர்மீது போட்ட வழக்குகளைத் தள்ளிவைக்கச் சொல்லி உள்நாட்டு அமைச்சர் சேர் பாரன் ஜயதிலக்க சொன்னார். பொலிஸ் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் அதற்கு இணங்கவில்லை. ஆளுநர் கோல்டிகொட் பொலிஸ் தலைவர் பக்கம் நின்றார். அதனால் அமைச்சர்கள் இராஜினாமாச் செய்யும் அளவுக்கு அது பெரிய அரசியல் நெருக்கடியாகிவிட்டது. பொலிஸுக்கு யார் கட்டளையிடுவது என்ற சண்டை இந்த நாட்டில் ஒரு தோட்டத் தொழிலாளியின் பிணத்தின் மேல் நடந்திருக்கிறது. நமது பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இதற்கு எத்தனை வரி என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

1977 மே 11, டெவன் தோட்டம். நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பங்குபோட்டுக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து நம்மவர்கள் நின்றார்கள். பொலிஸ் சுட்டது, சிவனு லட்சுமணன் செத்தார். அவர் பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011 மே 30ஆம் திகதி கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில், தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்த தொழிலாளர்மீது சுட்டதில் ரொஷான் சானக்க என்ற இளைஞர் இறந்தார். அவர் சிங்களவர், நம்மைப் போல ஒரு தொழிலாளி. அந்தத் தடவை பொலிஸ்மா அதிபர் பதவி விலகினார், சட்டமூலமும் போய்விட்டது. அப்படி நடப்பது அபூர்வம்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை என்று ஒன்று இருக்கிறது. பெயர் நீளம், விஷயம் சின்னதுதான். சட்டவிரோதமான கூட்டத்தைக் கலையும்படி கட்டளையிட ஒரு நீதவானுக்கு அதிகாரம் உண்டு, பொலிஸில் என்றால் பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கு உண்டு. முதலில் கட்டளை, கலையாவிட்டால்தான் பலம், அதுவும் நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு. இதை மனதில் வையுங்கள்: கட்டளையிட்டவர் யார், அவருடைய தரம் என்ன, கலைவதற்கு நேரம் கொடுத்தாரா? கைது செய்யும்போது ஒருவர் எதிர்த்தால் தேவையான வழியைப் பொலிஸார் கையாளலாம், ஆனால் மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்க அந்தப் பிரிவு உரிமை கொடுக்கவில்லை. தப்பிப்போகாமல் தடுப்பதற்குத் தேவையானதை விட மேலதிகமாகக் கட்டிவைக்கவும் முடியாது. சித்திரவதைக்கு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது.

உலக மட்டத்தில், 1990இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டில் பலப்பிரயோகம் பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டார்கள். உயிருக்கோ, பாரதூரமான காயத்துக்கோ உடனடி ஆபத்து இருந்தால்தான் ஆள்மீது சுடலாம், வழமையாக முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும், பிறகு அறிக்கை எழுத வேண்டும். மேலதிகாரி தெரிந்தும் தடுக்காவிட்டால் அவரும் பொறுப்பு. நாட்டில் நெருக்கடி என்பது மீறுவதற்குச் சாக்கு ஆகாது. பாருங்கள், அந்தக் கான்ஸ்டபிள் கேட்கிற தெளிவு இதில் இருக்கிறது. சட்டவிரோதமான கட்டளைக்குப் பணிய மறுத்தவரைத் தண்டிக்கக்கூடாது என்றும் இருக்கிறது. அவரைக் காப்பாற்றக்கூடிய தாளை அவர் கையில் கொடுக்காமல் வைத்திருப்பது நாம் அல்ல.

அதனால் தோட்டத்தில் பொலிஸ் வந்து நிற்கும்போது, முன்னால் இருக்கிற கான்ஸ்டபிளோடு மல்லுக்கட்டுவதில் பிரயோசனம் இல்லை. அவரும் எங்கோ ஒரு கிராமத்துப் பிள்ளை. சம்பளப் பிரச்சினையிலோ, பச்சைத் தேயிலை நிறுவையிலோ தகராறு வந்து, துரை தொலைபேசி எடுத்து, ஜீப் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தலைவரும் தலைவியும் மட்டும் முன்னால் போங்கள். “பொறுப்பதிகாரி யார் ஐயா? கட்டளை கொடுத்தது யார்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒருவர் நேரத்தையும் ஜீப் இலக்கத்தையும் கொப்பியில் எழுதட்டும். பையன்களைக் கல்லுக்குக் கிட்டப் போகவிடாதீர்கள், ஒரு கல் விழுந்தால் அன்றைய பத்திரிகை வசனம் தயாராகிவிடும். ஊர்வலம் போவதென்றால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின்படி குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு, ஏற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

யாரையாவது கொண்டுபோனால், எந்தப் பொலிஸ் நிலையம் என்று உடனே கேட்டு அன்றைக்கே பின்னால் போங்கள். காரணம் சொல்லித்தான் கைது செய்ய வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும்.

அடுத்ததுதான் நாம் அதிகம் தோற்கிற இடம், வாக்குமூலம். நமது ஆட்கள் தமிழில் சொல்கிறார்கள், அங்கே சிங்களத்தில் எழுதப்படுகிறது, “சரிதானே” என்றதும் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் “அடித்தார்கள், காதில் இரத்தம் வந்தது” என்று சொன்னது, அந்தத் தாளில் “இழுபறியின்போது சிறு காயம் ஏற்பட்டது” என்று மாறியிருக்கலாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. எழுதியதை வாசித்து, விளங்கும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். திருத்தம் இருந்தால் எழுதச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். காயம் இருந்தால் அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், யார் அடித்தது என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டோ பயந்தோ “விழுந்துவிட்டேன்” என்று சொன்னால் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் காலம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1996. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கொழும்புக்குப் போக வேண்டும் என்று பயந்து பலர் இருந்துவிடுகிறார்கள், நாள் போய்விடுகிறது.

முறைப்பாடு எழுதும்போது பத்திரிகைத் தமிழ் வேண்டாம். “பலப்பிரயோகம் மேற்கொள்ளப்பட்டது” என்று நாமே எழுதினால் நம் வழக்கை நாமே கரைத்ததாகிவிடும். இன்ன திகதி, இத்தனை மணிக்கு, பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில், இன்ன சீருடை போட்டவர், பொல்லால், இடது தோளில், மூன்று தடவை அடித்தார், இன்னார் பார்த்தார். இவ்வளவுதான். பொலிஸார் எச்சரித்திருந்தால் அதையும் எழுதுங்கள், நம் பக்கத்தில் யாராவது கல்லெறிந்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்தது தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

இப்போது தேநீருக்கு முன் ஒரு சின்ன வேலை. உங்கள் முன்னால் இருக்கும் தாளில் ஒரு பத்திரிகைச் செய்தி இருக்கிறது, எட்டு வரி. அதில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு வரிக்கும் ஆளைப் போட்டு உங்கள் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். ஆள் கிடைக்காத வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். தலைவிமார் முதலில் வாசிக்கட்டும்.