அரிவாளுக்குப் பதிவேடு இருக்கிறது, கயிற்றுக்கு?

(சிவகாசியில் மாணவர்கள், இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கும்பல் வன்முறையும் இளைஞர்களும்’. நோட்டீஸ் அச்சடித்த பிறகுதான் என்னிடம் சொன்னார்கள். அச்சு வேலை மட்டும் இந்த ஊரில் எப்போதும் சீக்கிரம் முடிந்துவிடும். அந்தக் ‘கும்பல்’ என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதைத்தான் பேசப் போகிறேன்.

2021 செப்டம்பரில் தென்மாவட்டங்களில் பழிக்குப் பழிக் கொலைகள் அடுத்தடுத்து நடந்தன. காவல்துறை மாநிலம் முழுக்க ரவுடி வேட்டை நடத்தி ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. அரிவாள் அடிக்கும் பட்டறைகளுக்கும் போனார்கள். வாங்க வருகிறவரின் பெயர், முகவரியை எழுதி வைக்க வேண்டும், கேமரா மாட்ட வேண்டும் என்றார்கள். கருவேலம் வெட்டப் போகிற பெரியவரும் முகவரி சொல்லித்தான் அரிவாள் வாங்க வேண்டும். இருக்கட்டும், அதற்கு நான் எதிரியல்ல.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் நடந்த ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019 ஜூலை 31 அன்று பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டி வருகிறார்கள். விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பதிலிருந்து மதிய இடைவேளையில் கூடுவது வரை அந்தக் கயிற்றைப் பார்த்தே நடக்கிறது. நடவடிக்கை எடுங்கள் என்றது அது. பயிற்சியில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் சொல்லித்தான் துறைக்கே இது எட்டியது. ஆண்டுக்கணக்கில் அதே வகுப்பறையில் நின்ற ஆசிரியர்கள் கண்ணில் படாதது, பயிற்சிக்கு வந்தவர்கள் கண்ணில் பட்டது! உடனே, இந்து அடையாளத்தின் மீது கைவைக்கிறார்கள் என்று பா.ஜ.க. தரப்பு கொதித்தது. அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன், இது தனக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை, பழைய நிலையே தொடரும் என்று முடித்துவிட்டார்.

நான்கு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை உடன் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்கள் துன்புறுத்தினார்கள். அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது, நடந்ததைச் சொன்னார்கள். அன்று இரவே வீடு தேடி அரிவாள் வந்தது. தடுக்க ஓடிய தங்கைக்கும் வெட்டு.

இதைக் ‘கும்பல்’ என்று சொன்னால் என்ன ஆகிறது? கும்பலுக்குத் தாய் தகப்பன் கிடையாது, தெரு கிடையாது, சாதி கிடையாது. வானத்திலிருந்து குதித்தவர்கள். பிடித்துக் கூர்நோக்கு இல்லத்தில் போட்டால் வேலை முடிந்தது. செய்தவர்களைத் தண்டிக்க வேண்டும், அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஆனால் அந்த வயதில் அந்த வெறுப்பை யார் ஊட்டியது என்று கேட்காமலே வழக்கை மூடிவிட முடிகிறது, அதுதான் இந்தச் சொல்லின் வசதி.

சினிமாவும் செல்போனும்தான் கெடுத்தது என்பார்கள். அரிவாளைத் தூக்கி ரீல்ஸ் போடுகிறார்கள், உண்மைதான். 1899-இல் இதே சிவகாசியில், கோயிலுக்குள் போகும் உரிமை கேட்டதற்காக நாடார்களின் வீடுகளைக் கொளுத்திக் கொள்ளையடித்தார்களே, அன்றைக்கு எந்த சினிமா ஓடியது?

உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியாத ஒரு கதை சொல்கிறேன். இந்த மாவட்டத்துக்கு முன்பு காமராஜர் பெயர் இருந்தது. அந்தப் பெயர் ஏன் போனது? 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று வெள்ளையனை எதிர்த்தவர், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள். பஸ்ஸை உடைத்தார்கள், ஊர்கள் எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. ஒரு தலித்தின் பெயரைத் தாங்க முடியாதவர்களுக்காக, காமராஜரையும் சேர்த்து இறக்கினார்கள்.

அமைதிக்காகச் செய்தோம் என்றார்கள். அன்று கல்லெறிந்த இருபது வயதுப் பையன் அதிலிருந்து என்ன கற்றிருப்பான்? அடித்தால் அரசு இறங்கி வரும் என்று கற்றான். அவனுக்கு இன்று ஐம்பதை நெருங்கும் வயது. அவன் பிள்ளைகள்தான் நேற்றுவரை நம் பள்ளிகளில் படித்தவர்கள்.

அந்த மோதல்களை ஆராய்ந்த நீதிபதி இரத்தினவேல் பாண்டியன் குழு, தென்மாவட்டங்களுக்குத் தொழிற்சாலைகள் வேண்டும் என்றது. வேலையில்லாத கை அரிவாளைத் தூக்குகிறது என்ற கணக்கு. அந்தக் கணக்கில் பெரிய தொழில் வளாகம் வரும் என்று ஆசை காட்டப்பட்ட ஊர்களில் ஒன்று எது தெரியுமா? நாங்குநேரி. வளாகம் இருபது ஆண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே கிடந்தது, அரிவாள் வந்துவிட்டது.

வேலை வேண்டாம் என்றா சொல்கிறேன்? வேலை வேண்டும். ஆனால் வேலை தானாகச் சாதியைக் கரைத்துவிடும் என்பதற்கு நம் ஊரே மறுப்பு. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இங்கேதான் தயாராகிறது. சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று வானம் பார்த்த பூமி முழுக்க வேலை கொடுத்த தொழில் இது. ஒரே ஆலையில் பல சாதிக்காரர்கள் வேலை செய்கிறார்கள். சாயங்காலம் வேன் அவரவரை அவரவர் தெருவில் இறக்கிவிடுகிறது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். உள்குத்தகைக்கு விட்டு, அளவுக்கு மேல் ஆளையும் மருந்தையும் ஒரே அறையில் அடைத்துச் சாகடிப்பதும் வன்முறைதான். இதற்கு மட்டும் ‘விபத்து’ என்று பெயர். இந்தச் சாவுகளைப் பார்த்து வளர்கிற பையனுக்கு உயிரின் மதிப்பைப் பற்றி நாம் வகுப்பெடுக்கிறோம்.

2022 மார்ச்சில் விருதுநகரில் ஒரு தலித் பெண்ணை வீடியோ காட்டி மிரட்டிக் கூட்டு வன்கொடுமை செய்ததாக எட்டுப் பேர் கைதானார்கள். அதில் நான்கு பேர் பள்ளி மாணவர்கள். அன்றைய ஆளும் கட்சியின் இளைஞர் அணிக்காரரும் இருந்தார், கட்சி பிறகு நீக்கியது. காவல்துறையின் ரவுடிப் பட்டியலில் தேடினால் அந்த மாணவர்கள் கிடைத்திருப்பார்களா? பெண் என்றாலும், அதிலும் ஒடுக்கப்பட்ட பெண் என்றாலும், கேட்க நாதியில்லை என்ற தைரியம் அந்த வயதிலேயே எப்படி வந்தது?

இப்போது நம் பக்கம் வருகிறேன். நம் தெருப் பையன்களும் கயிறு கட்டுகிறார்கள். நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவனிடம் கேட்டேன், “எதுக்குடா இது?” என்று. “கட்டலைன்னா எந்த செட்லயும் சேக்க மாட்டாங்கண்ணே. தனியா மாட்டுனா அடிப்பாங்க” என்றான். அடிக்கிறவன் கயிறும் அடிக்குப் பயந்தவன் கயிறும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் நடுநிலை எனக்கு வேண்டாம். ஆனாலும் அந்தத் தம்பியைக் கயிறு காப்பாற்றாது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், கபடியில் ஜெயித்த தலித் மாணவனைத் தேர்வுக்குப் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி விரல்களை வெட்டினார்கள். அங்கே அவனுக்குத் தேவைப்பட்டது கயிறா, இல்லை ‘எங்கள் பிள்ளையை விடு’ என்று எழுந்து நிற்கிற ஒரு பஸ் நிறைய ஆட்களா?

நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தார். நம் ஆட்களிலேயே பலர் அதைப் படிக்கவில்லை; திருநீறு கூடாதாமே என்று டீக்கடையில் கேட்பதோடு சரி. அகர வரிசையில் உட்கார வையுங்கள், பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், ஒரே பள்ளியில் ஆண்டுக்கணக்கில் ஆசிரியர்களை வைத்திருக்காமல் மாற்றுங்கள், ஒரு வட்டாரத்தின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரையே அங்கே கல்வி அதிகாரியாகப் போடாதீர்கள் என்றெல்லாம் இருக்கிறது. கயிறு கட்டிய பையனைப் பிடிப்பது சுலபம். அந்தக் கயிற்றைக் கண்டும் காணாமல் இருந்த பெரியவரை இடம் மாற்றுவதுதான் கஷ்டம். அறிக்கையில் எந்தப் பக்கங்கள் தூசி படியும் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

பள்ளி திறப்பதற்குள் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் ஒரு மனு கொடுக்கப் போகிறோம். இந்த மாவட்டத்தில் எந்தெந்தப் பள்ளியில் அகர வரிசை இருக்கை வந்திருக்கிறது, எந்த ஆசிரியர் எத்தனை ஆண்டாக ஒரே பள்ளியில் இருக்கிறார், சாதித் துன்புறுத்தல் புகார்கள் எத்தனை வந்தன, என்ன செய்தீர்கள் என்று நான்கே கேள்விகள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பள்ளி வாரியாகக் கேட்போம். உங்கள் தம்பி, தங்கை படிக்கிற பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து அம்மாவை அனுப்பி வையுங்கள். கையெழுத்துத் தாள் வாசலில் மேசை மேல் இருக்கிறது. பெயரும் ஊரும் மட்டும் போதும், தெருப் பெயர் எழுத வேண்டாம்.