மூணாற்றுப் பந்தாட்டத் திடல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதும் ஒருவன் விளையாட்டுத் திடலைப் பற்றிப் பேச வந்ததேன் என்று சிலர் எண்ணக்கூடும். உலகப் புகழ் பெற்ற மான்செஸ்டர் யுனைட்டெட் என்னும் கால்பந்துக் குழு, 1878 ஆம் ஆண்டில் நியூட்டன் ஹீத் என்னுமிடத்துப் புகைவண்டிப் பெட்டித் தொழிலாளர் கூடி அமைத்ததேயாகும். ஆகவே, தொழிலாளர் பந்தாடும் திடலைப் பற்றிப் பேசப் புகைவண்டிக்காரனுக்குச் சிறிது உரிமை உண்டென்றே கருதுகிறேன்.

நான் பேசப்போவது மூணாற்றுத் திடலைப் பற்றி. அதற்கு முன் அம்மலையின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1877 இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் துரை, பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகையாகப் பெற்றார். 1897 இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவாயிற்று. அதன் பின்னே நின்றது கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் பின்லே நிறுவனம். முதல் அவர்களுடையது, முதுகு நம்மவருடையது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் பின்னே போடி, கொட்டகுடி வழியாக மலையேறிய தமிழரே அக்காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கினர்.

அங்கே ஒரு புகைவண்டியும் ஓடியது! 1902 இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் இட்டு, எருதுகளைப் பூட்டி வண்டி இழுத்தனர். 1908 இல் இரண்டடி அகலப் பாதை அமைந்தது. நீராவி எஞ்சின் வந்தது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை இரயிலில் சென்று, கம்பி வடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடி சேர்ந்து, தூத்துக்குடியில் கப்பலேறின. 1924 ஜூலையில், கொல்லம் 1099 ஆம் ஆண்டில், பெருவெள்ளம் வந்தது. மலையாள நாட்டார் இன்றும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று அதனையே சொல்வர். தண்டவாளம் அடித்துச் செல்லப்பட்டது, மீண்டும் இடப்படவேயில்லை. மூணாற்று நிலையக் கட்டடம் பின்னாளில் கம்பெனி அலுவலகமாயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் என் போன்றவனுக்கு நெஞ்சு சற்றே கனக்கும்.

இரயில் போன மலையில் 1941 இல் பந்து வந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. தோட்டத் தொழிலாளருக்கென்று பின்லே கேடயம் என்னும் கால்பந்துப் போட்டி தொடங்கப்பெற்றது. துரைமார் இதனை அறமென்று செய்தனர் என நான் சொல்லமாட்டேன். ஆறு நாள் கொழுந்துச் சுமையும் ஏழாம் நாள் பந்தும் என்றிருந்தால் ஆட்கள் மலையை விட்டு இறங்கார் என்னும் கணக்கும் அதில் இருந்திருக்கும். எனினும், கணக்குப் போட்டவர் கருதாத ஒன்று திடலில் விளைந்தது. பெரியவாரை, குண்டுமலை, கன்னிமலை, வாகுவாரை, நல்லதண்ணி, சொக்கநாடு என்று, கேட்டாலே தமிழ் மணக்கும் பெயர்களையுடைய தோட்டங்கள் அவை. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவனுக்குத் தன் தோட்டத்தின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல ஓரிடம் கிடைத்தது. மூடுபனி இறங்கினால் பந்து கண்ணுக்குத் தெரியாத மலை அது. 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டுக் குழுவினர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடிப் பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றனர் என்பதை நினைத்தால், அக்காலத்து மலைக்கால்களின் உரத்தை நாம் ஒருவாறு உணரலாம்.

பந்தாடியவர் ஆடவர், கொழுந்தெடுத்தவரோ பெரும்பாலும் பெண்டிர். அவர்களுக்குத் திடல் இல்லை. 2015 செப்டம்பரில் போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, அப்பெண்டிர் தாமே திரண்டு மூணாற்று வீதியை நிறைத்தனர்.

முதலாளிமார் மாறினர். 1964 இல் டாடா நிறுவனம் பின்லேயுடன் கூட்டுச் சேர்ந்தது. 2005 இல் தொழிலாளரும் பங்குதாரராகிய புதிய கம்பெனி வந்தது. கேடயத்தின் பெயர் மட்டும் பின்லேயாகவே நின்றது. கிளாஸ்கோ வணிகரின் பெயர் நிலைத்திருக்க, காட்டைத் திருத்தியவரின் பெயர் எங்கே இருக்கிறது? பணி ஓய்வு பெற்றால் லயத்தை விட்டு நீங்க வேண்டும் என்பது தோட்டத்து விதி. வாழ்ந்த வீடே தனதல்லாதவன் எந்தச் சுவரில் பெயர் பொறிப்பான்?

2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு, நயமக்காடு தோட்டத்தைச் சேர்ந்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. குடும்பங்குடும்பமாகத் தமிழர் மாண்டனர். இறந்தோரின் பெயர்களை நாடு செய்தித்தாளில் படித்தது. மண் மூடினால்தான் நம்மவர் பெயர் அச்சேறுமோ?

முதல் உலகப் போருக்குப் பின், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிற்றூர்கள் பல, மாண்டோர் நினைவாகக் கல் நடுவதற்கு மாறாகவோ, கல்லுடன் சேர்த்தோ, விளையாட்டுத் திடல்களை அமைத்தன. மூணாற்றுத் திடலுக்கு அப்படியொரு பெயர் இடப்படவில்லை. என் மட்டில் அது நினைவுத் திடலே.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையோ, மாமனோ, பாட்டனோ அத்திடலில் ஆடியிருந்தால், அவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆடிய ஆண்டு ஆகிய மூன்றையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் செயலாளர் அவர்களிடம் தாருங்கள். பழைய நிழற்படம் இருப்பின் படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். பேரேடு எழுதுவது என் தொழில். அப்பெயர்களை வரிசைப்படுத்தி எழுதும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். வரும் ஆண்டு மலரில் அப்பட்டியல் வெளிவரட்டும்.