விலையைக் குறைக்காத விருந்து வாரம்

 

பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்களுக்காகச் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தோளில் காவித் தெருத்தெருவாக விற்றவர்கள் நம் முன்னோர். அந்தக் காவுதடிக்கு மலாயில் 'கண்டார்' என்று பெயர். நாசி கண்டார் வந்த வழி அதுதான்.

கிளைகள் பரப்பிவிட்ட பெருங்கடைகளுக்கு நம் உதவி தேவையில்லை. சூலியா தெருப் பக்கம் குடும்பமாக நடத்தும் சிறு கடைகளைத்தான் நினைக்கிறோம். விடியுமுன் மசாலா வதக்க அங்கே ஆள் இல்லை. பிள்ளைகள் அலுவலகம் போய்விட்டார்கள். அத்தா கைப்பக்குவம் அத்தாவோடு நின்றுவிடும் நிலை.

ஆகவே இந்த உணவு வாரம். பிற இடங்களில் இதைத் தள்ளுபடி விழாவாக்கிவிடுவார்கள். வியாபாரம் பெருகும், கல்லாப்பெட்டி நிறையாது! கடைக்காரர்களை ஒரு காசும் குறைக்க நாம் கேட்கவில்லை. பகல் கூட்டம் தானாக வரும். மூன்று மணிக்கு மேல்தான் மேசைகள் காலி. அந்நேரம் குடும்பத்தோடு போவோம். எத்தனை பேர் என்று முந்தின நாளே தெரிந்தால், அதற்கேற்ப அரிசி போடுவார்கள். சோறு மீந்து வீணாகாது. குழம்பை 'பஞ்சிர்' ஆக ஊற்றச் சொல்வது அவரவர் விருப்பம்.

வாசலில் நம் இளைஞர்கள் நோட்டுடன் நிற்கிறார்கள். எந்தக் கடை, எந்த நாள், எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.