மதுவை அளந்து கொடுக்கும் வீடு

(எமது சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



"ஏதாவது பயனுள்ள விஷயமாகச் சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கலியாணவீடு, அரங்கேற்றம் என்று கூடும் இடங்களில் நாங்கள் கதைக்காத ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். தெருவில் கிடந்து குடிப்பவர்களின் கதைதான் அது.

நாங்கள் வாழும் இந்த ரொறன்ரோவில், 1995-96 குளிர்காலத்தில் வீடற்ற மூன்று ஆண்கள் குளிரில் உயிரிழந்தார்கள். மரண விசாரணை நடந்தது. பல தங்குமிடங்களில் இருந்த விதி, குடித்தால் இடமில்லை என்பதுதான். குடியை விடமுடியாதவர் வெளியே நிற்கவேண்டும். தை மாதத்தில் வெளியே நிற்பது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த விசாரணையின் பின், 1997இல் சீற்றன் ஹவுஸ் என்ற ஆண்கள் தங்குமிடத்தில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. குடிப்பவரை உள்ளே எடுத்து, மதுவை அளந்து கொடுத்தார்கள்.

"இதென்ன விசர் வேலை? குடிகாரனுக்குக் குடி வாங்கிக் குடுக்கிறதோ?" என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு விஷயங்களை யோசித்துப் பாருங்கள். முதலாவது, பல வருடங்கள் கடுமையாகக் குடித்த ஒருவர் வைத்திய உதவியின்றித் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். சிலவேளை உயிரே போகலாம். இரண்டாவது, கையில் காசு இல்லாதபோது அவர் சும்மா இருப்பதில்லை. வாய் கொப்பளிக்கும் மருந்தையும், கைக்குப் பூசும் ஸ்பிரிட்டையும் குடிப்பார்.

ஒட்டாவாவில் இத்தகைய திட்டமொன்றில் சேர்ந்த 17 பேரைப் பற்றிய ஆய்வு 2006இல் கனடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வெளிவந்தது. சராசரியாக 35 வருடங்கள் மதுவுக்கு அடிமையாக இருந்தவர்கள் அவர்கள். காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை, கேட்டால் மணிக்கொரு தடவை 140 மில்லிலீற்றர் வைன் அல்லது 90 மில்லிலீற்றர் ஷெரி கொடுக்கப்பட்டது. கூடவே படுக்கை, சாப்பாடு, தாதியரின் கவனிப்பு. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது 36 வீதம் குறைந்தது. பொலிசாரிடம் அகப்படுவது 51 வீதம் குறைந்தது. முன்னரிலும் குறைவாகவே குடிப்பதாக அவர்களே சொன்னார்கள்.

அமெரிக்காவின் சியாற்றில் நகரில் 2005இல் இத்தகையோர் 75 பேருக்கு ஒரு வீடு திறக்கப்பட்டது. அங்கே மது கொடுப்பதில்லை, குடித்தாலும் வெளியேற்றுவதில்லை. ஆஸ்பத்திரி, சிறை போன்றவற்றால் ஒருவருக்கு மாதம் 4,066 டொலர் என்றிருந்த இடைநிலைச் செலவு, ஒரு வருடத்தில் 958 டொலராகக் குறைந்ததென 2009இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

இது எல்லோருக்கும் உரிய மருந்தல்ல. ஒட்டாவா ஆய்வு சிறியது; ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இருக்கவில்லை. அளந்து குடித்தாலும் ஈரல் பழுதாகும். விடக்கூடியவர் விடுவதே மேல். ஆனால் பலமுறை சிகிச்சைக்குப் போயும் விடமுடியாத ஒருவரிடம், "விட்டிட்டு வா, பிறகு கதவு திறக்கிறம்" என்று சொன்னால், அவர் வரமாட்டார். செய்திதான் வரும்.

எங்கட ஆக்களிடையேயும் இந்த நோய் உண்டு. போரையும் பிரிவையும் சுமந்து வந்தவர்கள் நாங்கள். குடும்பத்தில் ஒருவர் இப்படிப் போய்விட்டால், "அவரைப் பற்றிக் கதையாதேங்கோ" என்று வாயை மூடிவிடுகிறோம். இன்றைக்கு நான் கேட்பது பெரிய தியாகம் அல்ல. அவர் பெயரை வீட்டில் சொல்லுங்கள். குடித்திருந்தாலும் குளிர்நாளில் கதவைத் திறவுங்கள். உங்கள் பகுதியில் இப்படியொரு தங்குமிடம் வரப்போகிறது என்றால், எதிர்த்துக் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.