வயிற்று நோயிலிருந்து தேறும் நாய்க்கு உணவளிக்கும் முறை

(தென்காசி வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் மேலகரத்தில் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த இந்த மேலகரத்தில் உங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி கொள்கிறோம். சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாக உங்களிடம் பேசி வரும் நாம், இன்று நாயைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இரவில் ஆட்டுக் கிடையைக் காப்பது எது? களத்திலே குவித்த நெல்லையும் தோப்பிலே விழுந்த தேங்காயையும் காவல் புரிவது எது? கூலி கேளாமல் உழைக்கும் அந்தப் பிராணி நோயுற்றால், அதனைக் கவனிக்க வேண்டிய கடமை நம்முடையதே அன்றோ?

நமக்கு வடக்கே உள்ள இராஜபாளையத்தின் பெயரைத் தாங்கிய நாயினத்தின் உருவத்தை, 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால் தலையிலே பொறித்துப் பெருமைப்படுத்தியது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற இனங்களும் நம் தென்னாட்டுக்கு உரியவையே. இத்தகைய நாய்களாயினும், தெருவில் வளர்ந்த சாதாரண நாயாயினும், வயிற்று நோய் வந்தால் எல்லாவற்றின் நிலையும் ஒன்றுதான்.

முதலில் நம்முடைய தவறு ஒன்றை மறைக்காமல் சொல்லி விடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டில் நான்கு மாதக் குட்டி ஒன்று வாந்தியும் கழிச்சலுமாகப் படுத்துவிட்டது. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று பெரியோர் சொல்லக் கேட்டிருந்தோம். பட்டினி போட்டால் வயிறு சுத்தமாகிவிடும் என்று நம்பி, இரண்டு நாள் ஆகாரமும் கொடாமல், தண்ணீரையும் குறைத்து வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் மருத்துவரிடம் எடுத்துச் சென்றபோது காலம் கடந்துவிட்டிருந்தது. படித்தவர் என்று பெயர் பெற்ற நாமே அறியாமையால் ஓர் உயிரை இழந்தோம். அந்தத் தவறு உங்கள் வீடுகளில் நிகழாதிருக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நாய்களைத் தாக்கும் வயிற்று நோய்களில் மிகக் கொடியது ‘பார்வோ’ என்னும் நச்சுயிரியால் வருவது. 1978ஆம் ஆண்டில்தான் இந்நோய் கண்டறியப்பட்டது. மிகச் சில ஆண்டுகளிலேயே உலகமெங்கும் பரவிவிட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளையே இது பெரும்பாலும் தாக்கும். குடலின் உட்பூச்சை உண்டாக்கும் உயிரணுக்களை இந்த நச்சுயிரி அழித்துவிடுகிறது. அதனால் இரத்தம் கலந்த கழிச்சல் உண்டாகிறது; உடலிலுள்ள நீர் வற்றிப் போகிறது. அன்றியும், குற்றாலத்தில் சாரல் காலத்தில் திரளும் மக்கள் எறிந்துவிட்டுப் போகும் எச்சில் இலைகளையும் ஊசிப்போன சோற்றையும் தின்று வயிறு கெடும் நாய்களும் உண்டு. காரணம் எதுவாயினும், நாயைக் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றுதலே.

ஆகையால் முதல் மருந்து தண்ணீர். கழுத்தின் பின்புறத் தோலை இரு விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். உடனே படிந்துவிட்டால் நன்று. மெதுவாகப் படிந்தாலும், ஈறு உலர்ந்திருந்தாலும், கண் குழி விழுந்திருந்தாலும் நாய் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வீட்டு வைத்தியம் உதவாது. இரத்த நாளத்தின் வழியாக நீர் ஏற்ற வேண்டும். கால்நடை மருந்தகத்துக்கு உடனே கொண்டு செல்க.

நோய் கடுமையாக இல்லாமல், நாய் தானே விழுங்கும் நிலையில் இருந்தால், நம் குழந்தைகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, போங்காவ் அகதிகள் முகாமில் காலராவினால் மடிந்துகொண்டிருந்த மக்களை டாக்டர் திலீப் மகலானபிஸ் காப்பாற்றியது இத்தகைய கரைசலைக் கொண்டுதான். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு கொதித்து ஆறிய நீரில் அதைக் கரைக்க வேண்டும். ஒரே முறையில் ஒரு கிண்ணம் வைத்தால் நாய் ஆவலுடன் குடித்து, அப்படியே வாந்தி எடுத்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரிரு தேக்கரண்டி அளவே போதும். ஒரு நாளுக்கு மேல் வைத்த கரைசலைக் கொட்டிவிட வேண்டும்.

இனி உணவைப் பற்றிச் சொல்வோம். பட்டினி போடுவதே முறை என்று முன்பு மருத்துவர்களும் கருதினர். அந்தக் கருத்து இப்போது மாறிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் பார்வோ நோயுற்ற 30 குட்டிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2003ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பிரிவுக்கு வாந்தி முழுவதும் நிற்கும் வரை உணவு தரவில்லை. மற்றொரு பிரிவுக்குச் சிகிச்சை தொடங்கிய 12 மணி நேரத்திலேயே குழாய் வழியாக நீராகாரம் கொடுத்தனர். முன்னதாக உணவு பெற்ற குட்டிகளே விரைவில் பசியெடுத்துத் தேறின, எடையும் கூடின. இதன் காரணம் எளிது. குடலின் உட்பூச்சு தன் போஷாக்கில் பெரும்பங்கைத் தன் வழியே செல்லும் உணவிலிருந்தே நேராகப் பெறுகிறது. உணவே வராவிட்டால் புண்பட்ட குடல் ஆறுவது எப்படி? வளர்ந்த நாய் அரை நாள் உணவின்றி இருப்பதால் கேடில்லை. குட்டிகளோ பட்டினியைத் தாங்கா. இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கிவிடும்.

வாந்தி தணிந்தவுடன் கொடுக்க ஏற்றது குழைய வேகவைத்த பச்சரிசிச் சோறும், தோலும் எலும்பும் கொழுப்பும் நீக்கி வெறும் நீரில் வேகவைத்த கோழிக்கறியும் ஆகும். சோறு இரண்டு பங்கு, கறி ஒரு பங்கு. கறி கிடைக்காதபோது வேகவைத்த முட்டையைச் சேர்க்கலாம். நாய் மாமிசப் பிராணியாயிற்றே, சோறு செரிக்குமா என்று சிலர் கேட்பர். மனிதனோடு வாழப் பழகிய நாய், மாப்பொருளைச் செரிக்கும் திறனை ஓநாயைவிட மிகுதியாகப் பெற்றுள்ளது என்பதை 2013ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் மரபணு ஆராய்ச்சியால் நிறுவினர்.

அளவு அறிந்து கொடுப்பது முக்கியம். பத்துக் கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு, நோயுற்று ஓய்ந்திருக்கும் காலத்தில், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கிராம் சோறும் 100 கிராம் கறியும் போதும். முதல் நாள் இதில் மூன்றில் ஒரு பங்கு; இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு பங்கு; மூன்றாம் நாள் முழு அளவு. இதனையும் ஐந்தாறு வேளையாகப் பகிர்ந்து, இளஞ்சூட்டில் கொடுக்க வேண்டும். வாந்தி மீண்டும் வந்தால் முந்திய நாளின் அளவுக்குத் திரும்புக. அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவரைக் காண்க. மலம் கட்டிப்பட்ட பின், வழக்கமான உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கலந்து, ஐந்து முதல் ஏழு நாட்களில் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சோறும் கறியுமே மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறையும்; வளரும் குட்டிகளுக்கு அது கேடு.

கொடுக்கக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். ‘நோய்ப்பட்ட உடம்பு, பால் கொடுத்தால் தெம்பு வரும்’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் புண்பட்ட குடலால் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க இயலாது. கழிச்சல் மீண்டும் தொடங்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுப்பவை. ஆகையால் மிஞ்சிய குழம்பையும் சாம்பாரையும் சோற்றில் ஊற்ற வேண்டாம். வெந்த எலும்பு கூரிய சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். எண்ணெய், காரம், புளி எதுவும் ஆகாது. நாம் காய்ச்சலுக்கும் வலிக்கும் விழுங்கும் மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம். மருத்துவர் சொல்லாமல் ஒன்றையும் கொடுக்கலாகாது.

இன்னொரு எச்சரிக்கை. உணவை விழுங்க முடியாமல், எச்சில் ஒழுகி, குரல் மாறி, குணமும் மாறிய நாயை வயிற்று நோய் என்று எண்ணி, வாயைத் திறந்து ஆகாரம் ஊட்ட முயலாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். தொடாமல் விலகி நின்று கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டுவிட்டால் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்க. நாயின் கண்ணும் ஈறும் மஞ்சளாக இருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மழைக்காலத்தில் மனிதருக்கும் பரவக்கூடிய நோய் அது. நாய்ப் பார்வோ மனிதரைத் தாக்காது. ஆயினும் கழிச்சலில் மனிதருக்குத் தொற்றும் வேறு கிருமிகளும் இருக்கக்கூடும். சுத்தம் செய்தபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவது அவசியம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்வோ நச்சுயிரி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். ஒரு நாய் மாண்ட இடத்தில் உடனே புதுக்குட்டியைக் கொண்டுவந்து விட்டால் அதுவும் மாளும். வெறும் பினாயிலை நம்பியிராமல், அந்த இடத்தைச் சுத்தம் செய்து வெளுப்புக் கரைசலால் கழுவச் செய்யுங்கள். சாரல் காலத்தில் எச்சில் குப்பையை அன்றன்றே அகற்றச் செய்யுங்கள். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை தடுப்பூசி போட வேண்டும் என்பதை ஊரார்க்கு எடுத்துச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற தொலைபேசி எண் உள்ளது. திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

முதற்குட்டி இறந்த பின் நம் வீட்டுக்கு வந்த நாய்க்கும் ஒருமுறை வயிற்று நோய் கண்டது. அன்று மாலையே மருத்துவரிடம் காட்டினோம். கரண்டி கரண்டியாக நீர் கொடுத்தோம். மறுநாள் ஒரு கைப்பிடிச் சோற்றில் தொடங்கினோம். ஐந்தாம் நாள் அது எழுந்து வாசலுக்கு வந்து குரைத்தது. முன்னதற்கும் இதே சோறும் இதே தண்ணீரும் நம் வீட்டில் இருந்தனவே என்று அப்போது எண்ணினோம். பொருள் இல்லாமல் அல்ல, தெரியாமல்தான் அதனை இழந்தோம். தெரிந்துகொண்டதை இன்று உங்களிடம் ஒப்படைத்துவிட்டோம். நீங்கள் அதனை அடுத்த வீட்டாருக்கும் சொல்லுங்கள்.