மருந்தின் பெயரைக் கேட்கக் கற்றுத் தந்தவர்கள்

(திருகோணமலையில் நடந்த தொழிற்சங்கக் கூட்டத்தில் மருத்துவ மாணவர்கள் ஆற்றிய உரை)



தோட்டங்களிலிருந்து இந்தத் துறைமுகப் பட்டினத்துக்கு வந்திருக்கிறீர்கள். நாங்களும் லயத்துப் பிள்ளைகள்தான். இன்று எங்கள் ஆசான்களுக்கு உங்கள் முன்னால் நன்றி சொல்கிறோம்.

நோயைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. எழுதிக் கொடுக்கும் மருந்தை வாங்க நோயாளியிடம் காசு இருக்கிறதா என்றும் பாருங்கள் என்றார்கள் அவர்கள். இதில் அவர்களுக்கு முன்னோடி பேராசிரியர் சேனக்க பிபிலே. அவரும் மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அவசியமான மருந்துகளை, உலகச் சந்தையில் விலை கேட்டு, மொத்தமாக வாங்கினார்கள். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரை எழுதச் சொன்னார் பிபிலே. பெரிய கம்பனிகள் எதிர்த்தன, அவர் அசையவில்லை. 1977இல் கயானாவில் காலமானார்.

பனடோல் என்பது கம்பனி வைத்த பெயர். மருந்தின் பெயர் பரசிட்டமோல். நாட்சம்பளத்தில் அடுப்பெரியும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது. "இதே மருந்து குறைந்த விலையில் இருக்கிறதா?" என்று டாக்டரிடமும் பாமசியிலும் தயங்காமல் கேளுங்கள்.

நீங்கள் கேட்காமலே பொதுப் பெயரை எழுதும் டாக்டர்களாக வருவோம். எங்கள் ஆசான்களுக்கு நாங்கள் செலுத்தும் நன்றி அதுவே.